சொம்பு உருகும், உப்பு உருகாது! தெரியுமா?

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீடா உங்களுடையது? அப்படியென்றால் உங்களுக்கு ஒரு கேள்வி. சொம்பு ஒரு பக்கம், அதற்குள் போடுகிற கல்லுப்பு ஒரு பக்கம். இரண்டையும் சூடேற்றிக்கொண்டே போனால் எது முதலில் உருகும்? கல்லுப்பை அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பொடிப்பொடியாகிவிடுகிறது. சொம்போ பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. அதை நம்பி உப்புதான் என்று சொல்லிவிடாதீர்கள்! சொம்பு 232 டிகிரி செல்சியஸில் தண்ணீராய் ஓடிவிடும். உப்பு 801 டிகிரி வரைக்கும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்!

இதைப் புத்தகம் எனக்குச் சொல்லித்தரவில்லை. அம்மாவின் சொம்பை உருக்கித்தான் தெரிந்துகொண்டேன். ரசம் நுரை கட்டப்போகிற நேரத்தில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால் ரசம் சுண்டிப்போய், சொம்பின் அடியே காணோம். பர்னருக்குக் கீழே பாதரசம் சிந்தின மாதிரி பளபளவென்று ஒரு குட்டை. ஓரத்தில் தப்பிப் பிழைத்த வளையத்தில் புளி கருகி ஒட்டியிருந்தது. அம்மா திட்டக்கூட இல்லை. "உள்ள ஈரம் இருக்கற வரைக்கும்தான்டா ஈயம் தாங்கும். ரசத்த ஊத்திட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கணும், ரசம் வத்தறதுக்குள்ள இறக்கணும்" என்றதோடு சரி. இயற்பியல் இதற்கு மேல் ஒரு வரி சொல்லிவிட முடியாது! கேஸ் தீ ஆயிரம் டிகிரியைத் தாண்டுகிறது. ஆனால் உள்ளே கொதிக்கிற ரசம் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிற சூட்டையெல்லாம் ஆவியாக வெளியே அனுப்பிவிடுகிறது. ரசம் தீர்ந்தால் சொம்புக்கு ஆள் துணை இல்லை.

சரி, நசுக்கினால் பொடியாகிற உப்புக்கு 801, வளைத்தாலும் உடையாத ஈயத்துக்கு 232. என்ன கணக்கு இது? உள்ளே அணுக்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் கணக்கு. உலகத்தில் இருக்கிற எல்லாப் படிகத் திடப்பொருளையும் அந்தப் பிடியை வைத்தே நான்கு கூட்டமாகப் பிரித்துவிடலாம். அயனித் திடப்பொருள், சகப்பிணைப்புத் திடப்பொருள், உலோகம், மூலக்கூறுத் திடப்பொருள். பள்ளியில் நான்கு பத்தி போட்ட அட்டவணையாகக் கொடுத்து, 'உருகுநிலை: அதிகம், மின்கடத்தும் திறன்: இல்லை' என்று ஒப்பிக்கவைத்தார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்த அட்டவணையின் நான்கு பத்தியும் நம் சமையலறையிலும் பூஜை மாடத்திலும் நகைப்பெட்டியிலும் கிடக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உப்பில் 'ஒரு உப்பு' கிடையாது, தெரியுமா?

ரசத்தில் போட்ட பொருளிலிருந்தே ஆரம்பிப்போம். தூள் உப்பில் ஒரே ஒரு பரலை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு இருக்கும். அதற்குள் சோடியம் அயனியும் குளோரைடு அயனியுமாகச் சேர்த்து சுமார் 12,000 கோடி கோடி! கோடி இரண்டு தடவை, அச்சுப்பிழை இல்லை. இவ்வளவு கூட்டத்தில் எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் ஜோடி? யாருக்கும் யாரும் ஜோடி இல்லை! ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடு சூழ்ந்திருக்கிறது, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சூழ்ந்திருக்கிறது. மேலே, கீழே, முன்னே, பின்னே, இடம், வலம். 'உப்பு மூலக்கூறு' என்று தனியாகப் பிரித்துக் காட்ட ஒன்றுமே இல்லை.

இதை 1913-இல் எக்ஸ் கதிரை உப்புக்குள் பாய்ச்சிக் கண்டுபிடித்தவர் வில்லியம் லாரன்ஸ் பிராக். இரண்டே வருஷத்தில் அப்பாவோடு சேர்ந்து நோபல் பரிசு. அப்போது மகனுக்கு வயது 25! அறிவியல் நோபல் பரிசில் அந்த வயதை இன்று வரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் வேதியியல்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற பெரியவர், 1927-இல் 'நேச்சர்' இதழுக்குப் பாவப்பட்ட உப்புக்காகப் பரிந்து ஒரு கடிதமே எழுதினார். சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகைக் கட்டம் மாதிரி மாறி மாறி நிற்பதாவது, மூலக்கூறே இல்லாமல் ஒரு சேர்மமாவது என்று பொரிந்து தள்ளினார். எனக்கு அந்தப் பெரியவர் மேல் கொஞ்சம் பாசம் உண்டு. பதினான்கு வருஷம் கழித்தும் ஒருவர் சமாதானமாகவில்லை என்றால், விஷயம் அவ்வளவு விசித்திரம் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அம்மியில் தட்டிய உப்பைப் பாருங்கள். சோடியம் பிளஸ், குளோரைடு மைனஸ். ஒரு அடுக்கு ஒரே ஒரு கட்டம் நகர்ந்தால் போதும். பிளஸ்ஸுக்கு நேரே பிளஸ், மைனஸுக்கு நேரே மைனஸ் வந்துவிடும். இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருந்தவை அடுத்த கணமே தள்ளிக்கொள்ளும். பொட்டென்று பிளந்துவிடும்! அதுவும் ஏனோதானோவென்று பிளக்காது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் துண்டுகளும் சின்னச் சின்னக் கனசதுரங்கள்தான்.

திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட உப்பு படபடவென்று வெடிக்கிறதே, அது ஏன் தெரியுமா? பாத்தியில் உப்பு விளையும்போதே படிகத்துக்குள் துளித்துளியாகக் கடல்நீர் சிறைப்பட்டுவிடுகிறது. தீயில் அது நீராவியாகி வீங்கும். உப்புக்கு நெளிந்துகொடுக்கத் தெரியாது, வெடிக்கத்தான் தெரியும். எவ்வளவுக்கெவ்வளவு பெரிய கல்லுப்போ, அவ்வளவு சத்தம். கண்ணேறு எவ்வளவு பட்டது என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அத்தைகள் தீர்ப்புச் சொல்வார்கள்.

இன்னொன்று. உப்பில் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. மக்னீசியம் ஆக்சைடில் அதே கட்ட அமைப்பு, ஆனால் பிளஸ் இரண்டு, மைனஸ் இரண்டு. உருகுநிலை 801-இலிருந்து 2,852 டிகிரிக்குத் தாவிவிடுகிறது! எஃகு உருக்கும் உலைக்கு உள்சுவர் கட்டுகிற செங்கல் அந்தப் பொருள்தான்.

கற்பூரம் ஏன் மணக்கிறது, வைரம் ஏன் மணப்பதில்லை?

கேட்டாலே சிரிப்பு வருகிற கேள்வி. ஆனால் பதில் சிரிப்பில்லை! மணம் என்றால் அந்தப் பொருளின் மூலக்கூறே புறப்பட்டு வந்து உங்கள் மூக்குக்குள் நுழைகிறது என்று அர்த்தம். கற்பூரம் மூலக்கூறுத் திடப்பொருள். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குள் இறுக்கமாகக் கட்டப்பட்டது. ஆனால் பக்கத்து மூலக்கூறோடு இருப்பது வெறும் பஸ் சிநேகம். இடம் வந்தால் இறங்கிப் போய்விடும். அதனால்தான் மூடாமல் வைத்த கற்பூர டப்பாவில் கட்டி நாளுக்கு நாள் இளைக்கிறது. பீரோவில் போட்ட அந்துருண்டை தீபாவளிக்குள் குன்றிமணி அளவாகிவிடுகிறது. உருகவே இல்லை, ஒரு சொட்டு ஈரமில்லை, நேரே காற்றாகிவிடுகிறது! இன்னும் ஒரு வேடிக்கை. கட்டிக் கற்பூரம் அசையாமல் தட்டில் இருப்பது வெளித்தோற்றம். உள்ளே மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய உருண்டை வடிவம் என்பதால் பக்கத்து ஆளின் மேல் இடிக்காமல் சுற்ற முடிகிறது.

உப்பிலும் வைரத்திலும் புறப்பட்டு வருவதற்குத் தனி மூலக்கூறே இல்லை. அப்புறம் எப்படி மணக்கும்?

'இரும்புக் கம்பியைப் பிடித்தால் கையில் வாடை வருகிறதே, பித்தளைக் கைப்பிடி வாடை அடிக்கிறதே' என்று மடக்குகிறீர்களா? மடக்குங்கள்! அது உலோகத்தின் வாடையே இல்லை. உங்கள் வாடை! தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசை இரும்போடு சேர்ந்து சிதையும்போது கிளம்புகிற சேர்மங்கள் அவை என்று 2006-இல் ஒரு ஆய்வு பிரித்துக் காட்டியது. பஸ் கம்பி பாவம், இத்தனை நாள் வீண்பழி சுமந்துகொண்டிருந்தது.

கல்கண்டும் இந்த மூலக்கூறுக் கூட்டம்தான். ஆனால் சர்க்கரை மூலக்கூறுகளுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிற சற்று உறுதியான கைகோர்ப்பு உண்டு, அதனால் கற்பூரம் மாதிரி ஓடிப்போகாது. வாணலியில் போட்டால் 190 டிகிரிக்குள் இளகிப் பழுப்பாகிவிடும். பக்கத்து வாணலியில் உப்பு அப்படியே வெள்ளையாக இருக்கும். இரண்டையும் பார்த்தால் ஒரே மாதிரி வெள்ளைப் பரல், என்ன வித்தியாசம் பாருங்கள்! கண்ணைக் கால் மணி நேரம் இருட்டுக்குப் பழக்கிவிட்டு, கல்கண்டை இடுக்கியால் படக்கென்று நொறுக்கிப் பாருங்கள். மங்கலான நீல மின்னல் ஒன்று வெட்டி மறையும்! படிகம் பிளக்கும்போது இரண்டு முகங்களில் எதிரெதிர் மின்னூட்டம் பிரிந்து, இடையில் இருக்கிற காற்றில் பொறி தட்டுகிறது. நானூறு வருஷத்துக்கு முன்பே பிரான்சிஸ் பேக்கன் இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்.

பனிக்கட்டியும் ஹைட்ரஜன் பிணைப்புப் பிள்ளைதான். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு பேரோடு கைகோத்து நடுவில் காலியிடம் விட்டு நிற்கிறது. அதனால்தான் உறையும்போது 9 சதவீதம் பருக்கிறது, ஃப்ரீசரில் மறந்த பாட்டிலை உடைக்கிறது, தம்ளரில் மிதக்கிறது. குல்பிக்காரர் பானையில் ஐஸைச் சுற்றிக் கல்லுப்பைக் கொட்டுவது ஏன்? உப்பு அந்தக் கைகோர்ப்பைக் குலைக்கிறது, ஐஸ் உருகுகிறது, உருகுவதற்கான சூட்டைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. மைனஸ் 21 டிகிரி வரை போகும்! மின்சாரம் எதற்கு?

கற்பூர மூலக்கூறுகளுக்கு இடையில் பார்த்தோமே, அந்த லேசான இழுப்புக்கு வாண்டர்வால்ஸ் விசை என்று பெயர், 1910-இல் நோபல் வாங்கிய டச்சுக்காரரின் பெயரால். லேசுதானே என்று அலட்சியம் வேண்டாம். உங்கள் சுவரில் இருக்கிற பல்லியைத் தாங்குவதே அதுதான்! பசை கிடையாது, உறிஞ்சான் கிடையாது. விரலடியில் லட்சக்கணக்கான மயிரிழைகள், ஒவ்வொரு இழையின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரிந்து சுவரோடு அணு நெருக்கத்தில் உரசுகிறது. அற்ப விசை கோடி மடங்கானால் பல்லி கூரையில் தலைகீழாக நடக்கும். கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2000-த்திலும் 2002-லும் இதை அளந்து காட்டினார்கள். அந்தப் பல்லி தோற்றுப்போகிற இடம் ஒன்று உண்டு. காய்ந்த டெஃப்லான்! நான்ஸ்டிக் தோசைக்கல்லில் நம் தோசையும் ஒட்டாது, பல்லியும் ஒட்டாது.

வைரக்கடைக் கருவியை ஏமாற்றிய உப்புத்தாள்!

அடுத்தது சகப்பிணைப்புத் திடப்பொருள். இங்கே கைகோர்ப்பு கல்யாணக் கட்டு. எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரு அணு நான்கு அணுவைப் பிடிக்க, அவை ஒவ்வொன்றும் இன்னும் மூன்றைப் பிடிக்க, கடைசி முனை வரைக்கும் ஒரே வலை. ஒரு வைரத்தோட்டில் இருக்கிற கல் முழுவதும் ஒரே ஒரு மூலக்கூறு என்று சொன்னாலும் தப்பில்லை!

அது வெறும் கரி என்பதை ஒத்துக்கொள்ள மனிதர்களுக்கு எவ்வளவு செலவாயிற்று தெரியுமா? 1772-இல் பாரிஸில் லவாசியே பெரிய லென்ஸ் வைத்து வெயிலைக் குவித்து வைரத்தையே எரித்தார். 1797-இல் லண்டனில் ஸ்மித்சன் டெனன்ட் வைரத்தை எரித்து, வந்த வாயுவை அளந்து, அதே எடைக் கரி தருகிற அளவுதான் என்று கணக்கை முடித்தார்.

நகைக்கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து வைரத்தின் மேல் வைப்பார்கள், 'கீங்' என்று கத்தும், பார்த்திருக்கிறீர்களா? அது பார்ப்பது ஒளியையோ விலையையோ இல்லை. சூடு எவ்வளவு வேகமாகக் கல்லுக்குள் ஓடுகிறது என்று பார்க்கிறது! வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டையோ செம்பைவிட ஐந்து மடங்கு கடத்தும். இறுக்கமான வலையின் ஒரு மூலையை உலுக்கினால் மறுமூலை உடனே ஆடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க டைமண்ட் என்று விற்கிற கல் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். ஆனால் மொய்சனைட் என்று ஒரு கல் இருக்கிறது, அது இந்தக் கருவியை ஏமாற்றிவிடும். அது என்ன தெரியுமா? சிலிக்கான் கார்பைடு! தச்சுப் பட்டறையில் கிடக்கிற கறுப்பு உப்புத்தாளின் மேல் ஒட்டியிருக்கிறதே, அதே சரக்கு! சிலிக்கானும் கார்பனும் மாறி மாறி நிற்கிற வைர வலை. 1893-இல் அரிசோனா விண்கல் பள்ளத்துத் துண்டில் இதைப் பார்த்த ஹென்றி மொய்சானே முதலில் வைரம் என்றுதான் நினைத்தார். அவரே ஏமாந்தார் என்றால் பேனா எம்மாத்திரம்? அதுசரி, உப்பு ஒரு பொட்டுக்கூட இல்லாத அந்தத் தாளுக்கு 'உப்புத்தாள்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

வைரத்தின் உடன்பிறப்பு பென்சிலுக்குள் இருக்கிறது. கிராஃபைட். அதே கார்பன், ஆனால் நான்குக்குப் பதில் மூன்று கை மட்டும் கோத்துத் தட்டையான தாள்தாளாக அடுக்கியிருக்கிறது. தாளுக்குள் பிடி வைரத்தைவிட வலுவு. தாளுக்கும் தாளுக்கும் இடையில்? மறுபடியும் பல்லிக்கால் விசைதான். நீங்கள் 'அ' எழுதும்போது தாள்கள் வழுக்கிக் காகிதத்தில் இறங்குகின்றன. 2004-இல் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டு டேப்பை வைத்து உரித்து உரித்து ஒரே ஒரு தாளைத் தனியாக எடுத்துவிட்டார்கள். அதுதான் கிராஃபீன், 2010-இல் நோபல்.

இந்தத் தாள் கதையில் ஒரு வத்திராயிருப்புக்காரர் இருக்கிறார்! 1898-இல் அங்கே பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், சி.வி. ராமனின் சகா. 1939-இல் கல்கத்தாவிலிருந்து கங்குலியுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். கிராஃபைட் படிகத்தில் மின்சாரம் தாளோடு போகும்போது ஓடுகிறது, தாளுக்குக் குறுக்கே போகச்சொன்னால் முரண்டு பிடிக்கிறது, வித்தியாசம் சாதாரணமில்லை என்று அளந்து சொன்னார். கிராஃபீன் என்ற பேச்சு எழுவதற்கு ஒரு தலைமுறைக்கும் முன்னால்!

கிராஃபைட்டுக்கு இலங்கைத் தமிழில் பேர் காரீயம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்திலோ காரீயம் என்றால் லெட் உலோகம். குழப்பம் நம்மிடம் மட்டுமில்லை, ஐரோப்பியர்களும் இதைக் கறுப்பு லெட் என்றே ரொம்ப நாள் கூப்பிட்டார்கள். பென்சிலில் லெட் இருந்ததே இல்லை.

வழுக்கும் தாள் இன்னொன்றும் நம் வீட்டில் இருக்கிறது. கல்சட்டி! மாக்கல்லில் இருக்கிற டால்க் கனிமமும் அடுக்கடுக்கானது. அடுக்குக்குள் உறுதி, அடுக்குக்கு இடையில் தளர்ச்சி. அதனால் நகத்தாலேயே கீறலாம், உளியால் சட்டியாகக் குடையலாம், ஆனால் அடுப்பில் வைத்தால் அசையாது. முகத்துக்குப் போடுகிற பவுடரும் வத்தக்குழம்பு வைக்கிற சட்டியும் சொந்தக்காரர்கள் என்று அடுத்த தடவை கல்சட்டி வாங்கப்போகும்போது சொல்லிப்பாருங்கள், விலை குறைக்கமாட்டார்கள்.

ஒரு கிராம் தங்கம், ஒரு சதுர மீட்டர்!

உலோகத்தில் கட்டுப்பாடே கிடையாது. அணுக்கள் தங்கள் வெளி எலக்ட்ரான்களைப் பொதுக் குளத்தில் விட்டுவிட்டு அதில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒரு அடுக்கைத் தள்ளினால் உப்பு மாதிரி சண்டை வராது, வழுக்கிப் போய் அடுத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஒரே ஒரு கிராம் தங்கத்தைத் தட்டித் தட்டி ஒரு சதுர மீட்டருக்கு விரிக்க முடிகிறது! அந்த இழையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மஞ்சளைக் காணோம், பச்சையாகத் தெரியும்.

வழுக்கலைத் தடுக்க என்ன வழி? நடுவில் வேறு அளவு அணுவைச் செருகுவது. 22 காரட் நகையில் செம்பு சேர்ப்பதும் அதற்குத்தான். மென்மையான செம்போடு மென்மையான வெள்ளீயத்தைச் சேர்த்தால் கணீரென்று ஒலிக்கிற வெண்கலம் பிறக்கிறது. ஆதிச்சநல்லூரில் வெள்ளீயம் தாராளமாகக் கலந்த வெண்கலக் கலங்கள் கிடைத்திருக்கின்றன. அளவு மீறினால் உலோகத்துக்கே உரிய நெகிழ்ச்சி போய்விடும். ஆறன்முளைக் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும்தான். கீழே போட்டால் நிஜக் கண்ணாடி மாதிரியே உடையும்!

காலியம் என்று ஒரு உலோகம். 30 டிகிரி வந்தால் உருகிவிடும். உள்ளங்கையில் வைத்தால் ஓடும். ஏப்ரல் மாத மதுரையில் கையே வேண்டாம், மேசை மேல் வைத்தால் போதும்! அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து பாதி சகப்பிணைப்பு மாதிரி வாழ்கின்றன; ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே பிடி தளர்ந்துவிடுகிறது.

வைரத்தோடும் ஈயச்சொம்பும் ஒரே குடும்பம்!

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். தனிம அட்டவணையில் ஒரு செங்குத்து வரிசை. கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். தலைமகன் வைரம், நான்காவது பிள்ளை நம் சொம்பு! கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம் மூன்றும் வைர வலை கட்டுகின்றன. ஐந்தாவது பிள்ளை காரீயம் சுத்த உலோகம். நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளீயம்? அதற்கு முடிவெடுக்கத் தெரியவில்லை! 13 டிகிரிக்கு மேலே இருந்தால் உலோகம்: பளபளக்கும், வளையும். 13 டிகிரிக்குக் கீழே போனால் மெல்ல மெல்ல அண்ணன்மாரைப் போல வைர வலைக்கு மாறுகிறது! அந்த வலையில் காலியிடம் அதிகம், அதனால் கால் பங்குக்கு மேல் பருக்கிறது. பருத்தால் விரிசல்தானே? சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்துவிடும். ஒரே தனிமம், ஒரே அணு, குளிர் வந்தால் ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்குக் குடிபெயர்கிறது!

குளிர்நாட்டுத் தேவாலயங்களில் இசைக்கருவிக் குழாய்கள் இப்படிப் புற்றுவைத்து உதிர்ந்ததைப் பார்த்து 'வெள்ளீயக் கொள்ளைநோய்' என்றே பெயர் வைத்தார்கள். ருஷ்யக் குளிரில் நெப்போலியன் படையின் சட்டைப் பொத்தான்கள் தூளானதால்தான் தோற்றார் என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு நம்பிக்கையில்லை. மாற்றம் அவ்வளவு வேகமாக நடக்காது, வேறு சில உலோகங்கள் துளி கலந்திருந்தாலே நின்றுவிடும். ஊட்டிக்காரர்கள் சொம்பைக் கம்பளி போட்டு மூட வேண்டாம்!

இங்கே ஒரு எச்சரிக்கை. ரசச்சொம்பு வெள்ளீயத்தில்தான் இருக்க வேண்டும். காரீயம் நஞ்சு, அதைக் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். 'ஈயம்' என்ற ஒரே சொல்லை நம்பி வாங்காமல், தெரிந்த இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

அணுக்களின் இந்தப் பிடிகளைப் பற்றிப் பேசும்போது 1916-ஐ மறக்கவே கூடாது! உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸ் எலக்ட்ரான் ஜோடியைப் பங்குபோடும் சகப்பிணைப்பை எழுதுகிறார். ஜெர்மனியில் வால்தர் கோசல் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் அயனிப் பிணைப்பை எழுதுகிறார். அதே வருஷம் பெர்லினில் யான் சோக்ரால்ஸ்கி குறிப்பு எழுதிக்கொண்டே, மைக்கூட்டில் தோய்ப்பதாக நினைத்துப் பேனாவை எதில் தோய்த்தார் தெரியுமா? உருகிய வெள்ளீயக் குப்பியில்! வெளியே இழுத்தால் நிப்பின் நுனியில் உலோக நூல் தொங்குகிறது, சோதித்தால் ஒரே படிகம். இன்று 1,414 டிகிரியில் உருக்கிய சிலிக்கானிலிருந்து தூண் தூணாகப் படிகம் இழுக்கிறார்களே, அது அந்தப் பேனாவின் வழிதான். உங்கள் போனுக்குள் இருக்கிற சில்லு அதிலிருந்து அறுத்தது. சொம்பை உருக்கவைத்த அதே போன்!

மணலும் மூச்சும்

கடைசியாக ஒன்று. நீங்கள் வெளியே விடும் மூச்சிலும் சோடாக் குமிழியிலும் இருப்பது ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன். கடற்கரை மணலில் பெரும்பங்கு ஒரு சிலிக்கான், இரண்டு ஆக்சிஜன். அண்ணன் தம்பி வாய்பாடு! ஒன்று காற்று, இன்னொன்று 1,700 டிகிரி வரை உருகாத பாறை. கார்பன் இரண்டு ஆக்சிஜனை இரட்டைக் கையால் பிடித்துக் கதவைச் சாத்திக்கொள்கிறது, தனி மூலக்கூறாகிவிடுகிறது. சிலிக்கானுக்கு அந்த இரட்டைப் பிடி வராது. நான்கு ஆக்சிஜனை ஒற்றைக் கையால் பிடிக்கிறது, அவை அடுத்த சிலிக்கானைப் பிடிக்கின்றன, வலை முடிவதே இல்லை.

தம்பி மாதிரி அண்ணனையும் வலை கட்டவைக்க முடியுமா? 1999-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் வைர இடுக்கிக்குள் கார்பன் டை ஆக்சைடை வைத்து, நான்கு லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் லேசரால் சூடேற்றினார்கள். கட்டிவிட்டது! மூச்சுக்காற்றில் செய்த கண்ணாடிக்கல்! 2009-இல் சோடியத்தை இருபது லட்சம் வளிமண்டலத்தில் அழுத்திப் பார்த்தார்கள்; பளபளப்பு போய்க் கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிறது, மின்சாரத்தையும் விடமாட்டேன் என்கிறது! வியாழன் கிரகத்தின் வயிற்றில் ஹைட்ரஜன் உலோகமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறது என்பது அறிவியலாளர்கள் கணக்கு. அழுத்தினால் ஹைட்ரஜனும் உலோகமாகும் என்று 1935-லேயே விக்னரும் ஹண்டிங்டனும் சொல்லிவிட்டார்கள். நான்கு பத்தி அட்டவணையின் கோடுகள் நம் வீட்டு வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் போட்ட கோடுகள். சிலர் அதைப் பத்தியாகவே போடவில்லை. வான் ஆர்கலும் கெட்டலாரும் 1940-களில் அயனி, சகப்பிணைப்பு, உலோகம் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில் வைத்தார்கள். பெரும்பாலான பொருள்கள் நடுவில் எங்காவது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

உருகிய சொம்பை நான் எறியவில்லை. பர்னரடியில் சுரண்டி எடுத்த ஈயம் விரல் கனத்துக்கு ஒரு பட்டையாக இருந்தது. வெள்ளீயம் வளைத்தால் அழும் என்று படித்திருந்தேன். காதோரம் வைத்து மெல்ல வளைத்தேன். 'கிறீச்.' கதவுக்கீல் மாதிரி, ரொம்பச் சின்னதாக. உள்ளே படிகங்கள் சட்டென்று சாய்ந்து ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாகத் திரும்புகிற சத்தம் அது. அம்மாவிடம் ஓடிப்போய் அவள் காதருகிலும் வளைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அழாம என்ன பண்ணும்? முப்பது வருஷம் ரசம் வெச்ச சொம்பு."